ஜோஸ்லின் செய்த ஒரே தவறு

ஜோஸ்லின் இறந்த செய்தி போன மாதம் ஒரு காலையில் எங்கள் ஆய்வுக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கருவடிக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. 'இதிலும் எனக்கு முந்திக்கொண்டாளே' என்றுதான் முதலில் தோன்றியது. அவளை அறிந்த நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். இருபது வருடம் ஒரே அறையில் அவளோடு வேலை பார்த்தவள் நான். பொய் அஞ்சலி எழுத எனக்கு வராது.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலையில் என் கை சுத்தம் என்று டாக்டரே சொல்வார். ஜோஸ்லின் இரண்டு முறை கண்ணாடிக் குழாயைக் கீழே போட்டிருக்கிறாள். ஆனாலும் வந்தவர்கள் கேட்டது அவளைத்தான், 'மதாம்' என்று மரியாதையாக. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்ததும், "மதாம் இல்லீங்களா? அப்ப நாளைக்கு வர்றேன்" என்று குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் போனார். ரத்தம் எடுப்பவளே நான்தான்! அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய செல்வாக்கெல்லாம் பேச்சில் இருந்தது. சீலியாக் என்றொரு நோய். கோதுமையில் உள்ள ஒரு புரதம் சிலருடைய குடலைப் புண்ணாக்கிவிடும். அந்த நோய் வர வாய்ப்புள்ளவர்களிடம் சில மரபணுக் குறிகள் இருக்கும். அவை இல்லாவிட்டால், ஏறக்குறைய நோய் இல்லை என்றே விட்டுவிடலாம். இருந்தாலோ, வரலாம், வராமலும் போகலாம், பெரும்பாலோருக்கு வருவதில்லை. இதைப் புரியவைக்க நான் கால் மணி நேரம் திணறுவேன். அவள், "வீட்டுக்குக் கதவு இருக்குன்னுதாங்க ரிப்போர்ட் சொல்லுது. திருடன் பூந்துட்டான்னு சொல்லல" என்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். எனக்கு வயிறு எரியும்.

மூடிப்போன மில்லில் வேலை பார்த்து, இப்போது ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மூத்த மகளுக்கு அந்த நோய் இருந்தது. கூடப் பிறந்தவள் என்பதால் இளையவளுக்கும் குறி பார்க்கச் சொன்னார்கள். குறி இருந்தது. முடிவு கேட்டு அவர் போன் செய்த அன்று ஜோஸ்லின் விடுப்பு. "மதாமுங்களா?" என்றார். "ஆமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மரியாதைக் குரலில் என்னிடம் யாராவது பேசமாட்டார்களா என்ற ஆசைதான். "சின்னவளுக்கும் இருக்குதுங்க" என்றேன். அவர் "ஐயோ" என்று போனை வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சிறுமிக்கு ரொட்டி, பரோட்டா, பிஸ்கட் எதுவும் கிடையாது. பள்ளியில் யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவாளாம். மாதங்கள் கழித்து, நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதப்போன டாக்டர் திகைத்தார். கோதுமையே சாப்பிடாதவளிடம் அந்தப் பரிசோதனை சுத்தமாக வந்தாலும் நம்ப முடியாது. வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். குறி இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட அப்பா எங்கள் வரவேற்பறையில் நின்று கத்தினார்.

"மதாம்தான் போன்ல சொன்னாங்க, இவளுக்கும் இருக்குன்னு! நோய் இருக்கான்னே தெரியாத புள்ளயோட வாயக் கட்டிப்போட்டேனே!"

ஜோஸ்லின் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "நான்தாங்க சரியா சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

டாக்டர் குறித்துக் கொடுத்தபடி அவளே ரொட்டி வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். "இதத் தின்னா அக்கா மாதிரி ஆயிடுவேனா?" என்று சின்னவள் முதல் நாள் அழுதாளாம். மூத்தவளின் தட்டில் ஒரு தூள்கூட விழாதபடி ஜோஸ்லினும் சின்னவளும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். பரிசோதனை சுத்தமாக வந்தது. அந்த அப்பா கோபத்தை மறந்து ஒரு கூடை மாம்பழத்தோடு அவளைத் தேடி வந்தார். தப்பு என்னுடையது, மாம்பழம் அவளுக்கு!

என்னிடம் அவள் சொன்னது ஒன்றுதான். கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "இனிமே போன எடுத்தா உன் பேரச் சொல்லு" என்றாள். வேறு யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. நானும்தான்.

போன வாரம் இரங்கல் கூட்டத்தில் டாக்டர் பேசினார். "ஜோஸ்லின் ஒரே ஒரு தடவைதான் தப்பு செஞ்சாங்க. அதையும் தானே ஒத்துக்கிட்டாங்க" என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு கறையும் அவளுடையது அல்ல. இதைச் சொன்னால் அவள் பெயர் இன்னும் உயரும், என் பெயர் கெடும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, கை கழுவும்போது சொன்ன அந்த ஒரு வரிதான். அதனால் என் பேரைச் சொல்கிறேன்.

அன்று போனை எடுத்தது கனகவல்லி.