கட்டைவிரல் மரு

முடி வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அழுகிற பிள்ளைகூட அவர் நாற்காலியில் ஏறினால் வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட கையில்தான் மரு வந்து தொலைத்தது. இடது கட்டைவிரலின் அடியில் ஒன்று வருஷக்கணக்காக அது பாட்டுக்கு இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு வலது கை விரல்களில் வரிசையாக முளைத்துவிட்டன.

வாடிக்கையாளர்கள் மரியாதைக்காரர்கள், முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த நாற்காலி காலியாகட்டும் என்று பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடைக்காரர்தான் போட்டு உடைத்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இத சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க நாற்காலி உங்களுக்குத்தான்."

நியாயமான பேச்சு. கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி. முதலில் பார்வை போனது, பிறகு காது மந்தமாகி எல்லாக் குரலும் ஒன்றுபோலக் கேட்டது, கடைசியில் ஞாபகமும் தடுமாறத் தொடங்கியது. யார் கிட்டே வந்தாலும் கட்டிலில் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவர் பேசாமல் இடது கையை நீட்டுவார். அவள் தடவிப் பார்ப்பாள். விரல் அந்த மருவில் பட்டதும் முகம் தெளிந்துவிடும்.

"நீங்கதானா? யாரோன்னு பயந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவர் ஊட்டுகிற சாப்பாட்டுக்கு வாயைத் திறப்பாள். மரு அவளுக்கு ஒட்டாமல் இருந்ததே பெரிய புண்ணியம்.

தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டவும் வேணாம், பொசுக்கவும் வேணாம். நாப்பத்தி நாலு டிகிரி இளஞ்சூடு, ஒரு தடவைக்கு அரை மணி நேரம். அவ்வளவுதான்."

"கட்டைவிரல்ல இருக்கறத மட்டும் விட்டுருங்கம்மா."

"ஏன், ராசியான மருவா?"

பெண்டாட்டி கதையை அந்நிய மனுஷியிடம் எப்படிச் சொல்வது? "ஆமாம்மா" என்று அசடு வழிந்தார்.

"அது பக்கமே நான் வரல. ஆள்காட்டி விரல்ல இருக்கற பெரிசுக்கு மட்டும் சூடு காட்டினா போதும்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. டாக்டரம்மா அதற்கு மேலும் உடம்பு, வைரஸ், எதிர்ப்பு சக்தி என்று ஏதேதோ விளக்கினார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கட்டைவிரல் தப்பித்ததே, அது போதும் என்று தலையைத் தலையை ஆட்டி வைத்தார். அந்த அவசரத் தலையாட்டல்தான் அவர் செய்த ஒரே தப்பு.

சூடு காட்டும் விளக்கின் கீழே விரலை நீட்டிக்கொண்டு நாலைந்து முறை உட்கார்ந்தார். சில வாரங்களில் ஆள்காட்டி விரல் மரு கறுத்து உதிர்ந்தது. பின்னாலேயே, சூடே படாத மற்ற விரல்களிலும் உதிர்ந்தன. கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, நாற்காலியைத் தட்டிக் காட்டினார். மறுநாள் காலை முகம் கழுவும்போது இடது கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார். மேடு தட்டையாகியிருந்தது.

டாக்டரம்மாவிடம் ஓடினார். "நீங்க இதத் தொடவே இல்லியேம்மா?"

"தொடவே வேணாமே. சூடு பட்ட மருவ வெச்சு உடம்பு அந்த வைரஸ அடையாளம் கண்டுக்கும். அப்புறம் எங்க இருந்தாலும் அதுவே தேடிப் போயி தீர்த்துடும். அன்னிக்கே சொன்னேனே."

"இத ஒண்ண மட்டும் நிறுத்தி வைக்க முடியாதா?"

மருவை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிய ஆளை டாக்டரம்மா அதுவரை பார்த்ததில்லை. அப்போதுதான் அவர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெகுநேரம் அதை எடுத்து மாட்டவேயில்லை.

வீட்டுக்கு வந்து, மரு இருந்த இடத்தில் அவர் நூல் சுற்றிப் பார்த்தார். அவள் அதைப் பிய்த்துப் போட்டாள். ஒரு மோதிரத்தை மாட்டிப் பழக்கப் பார்த்தார். அவளுக்குப் புதிதாக எதுவும் மனசில் நிற்கிற காலம் தாண்டிப் போயிருந்தது. மருவின் கடைசித் துணுக்கும் உதிர்ந்த அன்று, கடையில் அவருக்கு நிற்க நேரமில்லை. எல்லாரும் அவருக்காகவே காத்திருந்து வெட்டிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இடது கையை நீட்டினார். அவள் தடவினாள். ஒருமுறை, மறுமுறை, விரலடியில் அழுத்தி இன்னொரு முறை. பிறகு தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, நீங்க யாரோ தெரியல. அவரு வேலை விட்டு வர்ற நேரந்தான். அதுவரைக்கும் கொஞ்சம் வெளிய உக்காருங்க."

வழவழவென்றிருந்த கையை மடியில் போட்டுக்கொண்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார். உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"அவரு வந்துட்டாரா?"

அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னார்.

"இன்னும் வரலம்மா."