பூட்டிய பெட்டிக்குள் ஐசலேட்டர்

1. கானில் இறங்கிய லொறி

1961 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். வட்டவளைப் பக்கம் நான்காவது நாளாக விடாத மழை. காலை எட்டு மணிக்குத் தோட்டத்து மழைமானியில் மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தது. ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே, தேயிலைக் கொழுந்து ஏற்றி வந்த லொறி வழுக்கிப் பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டதாக ஆள் வந்து சொன்னான். லொறியில் அறுபத்திரண்டு சாக்குக் கொழுந்து. சாக்குக்குள் கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும்; அப்புறம் தூளாக்கினாலும் விலை போகாது.

நான் அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீசியன். கொழுந்து லொறிகளை இழுத்தெடுக்க எங்களிடம் ஒரு பழைய இராணுவ லொறி இருந்தது. அதன் முன்பக்கம் ஒரு வின்ச். இருபத்துநாலு வோல்ட் மோட்டார் ஒரு டிரம்மைச் சுற்றும். டிரம்மில் கம்பிக் கயிறு சுற்றிக்கொள்ளும். டிரைவர் சந்தனம் லொறியை ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் போயே ஆக வேண்டும். வின்ச் சாவி என்னிடம்தான் இருந்தது.

அந்தச் சாவி ஏன் என்னிடம் இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

2. இரண்டு சுவிட்ச்

அந்த இராணுவ லொறியை ஏலத்தில் எடுத்தபோது வின்ச் இருந்தது, அதன் ஐசலேட்டர் இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இளைஞர்களுக்காக விளக்குகிறேன். டிரைவர் அமுக்குகிற பட்டன் மோட்டாரை நேரே தொடுவதில்லை. அது சொலினாய்ட் என்ற ஒரு காந்தச் சுவிட்சை இழுக்கும். அந்தச் சொலினாய்டுதான் பெரிய கரண்டை விடும். சொலினாய்ட் ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டும் பயனில்லை. அப்போது பேட்டரியையும் மோட்டாரையும் ஒரேயடியாகப் பிரிக்கிற கடைசிச் சுவிட்ச்தான் ஐசலேட்டர்.

என் பங்கு வேலையை நான் குறைவாகச் செய்யவில்லை. மோட்டாருக்கு மீட்டர் போட்டுப் பார்த்தேன். வெறும் டிரம் சுற்ற நாற்பது ஆம்பியர். காலி லொறியை மேட்டில் இழுக்க நூற்று நாற்பது. சக்கரத்துக்குக் கல் வைத்து அசையாமல் இழுக்கவிட்டபோது இருநூற்று அறுபது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தேன். பேட்டரிக் கரண்டுக்கு உரிய, முந்நூறு ஆம்பியர் தாங்கும் டீ.சீ. சுவிட்ச் வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த எண்ணில் பிழை இல்லை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஹட்டனில் லொறிச் சாமான் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். அவர் கடையில் முந்நூறு ஆம்பியரில் இரண்டு கிடைத்தன. ஒன்றில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்புக் கைப்பிடி. இன்னொன்று இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. மூடியும் பூட்டுப் போடக் கொண்டியும் உண்டு.

"இந்தச் செவப்பக் கொண்டு போங்க தம்பி. ஆமிக்காரன் வச்ச சாமான். கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டினாலும் ஆஃப் பண்ணிரலாம்" என்றார் நானா.

"யாரு வேணும்னாலும் தொடலாமே நானா?"

"தொடுறதுக்குத்தானே கைப்பிடி வச்சிருக்கான்? தொடக்கூடாதுன்னா வூட்டு அலுமாரியில வச்சுப் பூட்டுங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பெட்டிச் சுவிட்சையே வாங்கினேன்.

காரணம் தொழிற்சாலைப் பழக்கம். எங்கள் தொழிற்சாலையில் மெயின் சுவிட்ச் பெட்டிகள் பதினொன்று. தூளாக்கும்போது பறக்கிற தேயிலைப் பஞ்சு சுவிட்சுக்குள் போனால் தீப்பிடிக்கும். அதனால் மெஷின் ஓடும்போது ஒவ்வொரு பெட்டியும் பூட்டியிருக்க வேண்டும். சாவி எலெக்ட்ரீசியனிடம் இருக்க வேண்டும். பதினைந்து வருஷம் அப்படியே செய்தவன் நான். சுவிட்சைப் போடு, மூடு, பூட்டு, சாவியை எடு. மலைப்பாதையில் நிற்கிற லொறியில் ஏது தேயிலைப் பஞ்சு என்று நான் யோசிக்கவில்லை. பூட்டியிருந்தால் டிரைவர்மார் வின்சை வைத்துத் திருட்டு மரம் இழுக்க முடியாது என்று அதற்கு இன்னொரு நியாயமும் சேர்த்து எழுதினேன். தோட்டத்துப் பெரிய துரை சாமான் வாங்கும் இண்டனில் கையெழுத்துப் போட்டார். "நல்ல யோசனை" என்றும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

3. பத்தொன்பது

ஒன்பதாம் நம்பருக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் லொறியைப் பாதையின் குறுக்கே நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் போட்டோம். நான் ஐசலேட்டரைப் போட்டு, மூடி, பூட்டி, சாவியை எடுத்தேன். கயிற்றைக் கொழுந்து லொறியில் சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். எட்டி வைத்து நடந்தால் இருபத்தாறு எட்டுத் தூரம்.

கம்பிக் கயிறு டிரம்மில் ஒரே பக்கம் குவியாமல் ஒருவர் கையால் வழிகாட்ட வேண்டும். அதை மாடசாமி செய்தான். அவன் ரோட்டு வேலை ஆள், இருபத்தேழு வயது. கயிறு நனைந்து வழுக்கியதால் இடது கையில் ஒரு சாக்குத் துண்டைச் சுற்றியிருந்தான். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

சந்தனம் பட்டனை அமுக்கிக் கொழுந்து லொறி பாதி ஏறியிருந்தபோது கயிற்றில் அறுந்து நின்ற ஒரு கம்பி இழை சாக்கில் மாட்டியது. சுற்றிய சாக்கு இறுகிக் கையை உருவ முடியவில்லை. கைக்கும் டிரம்முக்கும் அப்போது ஒன்றரை அடி இருந்தது.

"அண்ணே, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று மாடசாமி கத்தினான்.

சந்தனம் உடனே பட்டனை விட்டார். டிரம் நிற்கவில்லை. சொலினாய்ட் ஒட்டிக்கொண்டது. அவர் இஞ்சினை நிறுத்தினார். வின்ச் பேட்டரியில் ஓடுவது, அது ஏன் நிற்கப்போகிறது? ஐசலேட்டர் பெட்டியைக் காலால் உதைத்தார். பூட்டு நல்ல பூட்டு.

"சாவி ஐயா! சாவி!"

நான் ஓடினேன். பதற்றம் வந்தால் மனதுக்குள் எண்ணுவது சிறு வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். என் வளையத்தில் பதினாலு சாவி. மழையில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. மூன்றாவது சாவி திறந்தது. மூடியைத் தூக்கிச் சுவிட்சை இழுத்தபோது எண்ணிக்கை பத்தொன்பதில் நின்றது.

ஐந்தில் நிறுத்தியிருந்தால் சாக்குத் துண்டு மட்டும் போயிருக்கும். மாடசாமிக்கு இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போயின.

கொழுந்து லொறியை மாலை ஆறே காலுக்கு ஆட்களே கயிறு கட்டி இழுத்தார்கள். கொழுந்து சிவந்துவிட்டது.

4. கேள்வித்தாள்

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் கண் கட்டுப் போட்ட கையிலேயே நின்றதை அவன் பார்த்தான்.

"எண்ணிட்டீங்களா ஐயா? மிச்சம் எட்டு இருக்கு. கணக்கு சரிதானே?"

பிறகு அவனே கேட்டான்.

"சாக்கு சுத்துனது என் தப்பாம். ஆபீஸ்ல பேசிக்கிறாங்கன்னு சந்தனண்ணே சொன்னாரு. அப்படின்னா நட்டஈட்டுல ஒத்தச் சல்லி கெடைக்காதாமே. நெசமாங்க?"

"அறிக்கை இன்னும் எழுதல" என்றேன்.

"யாரு எழுதுறது?"

"நான்தான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அது நம்பிக்கையா கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விபத்து அறிக்கைத் தாளில் ஒன்பது கேள்விகள். ஏழாவது கேள்வி: நிறுத்தச் சொன்ன பின் மெஷின் நிற்க எவ்வளவு நேரம் ஆனது? நான் பத்தொன்பது விநாடி என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் பெரிய கிளாக்கர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்தொம்பதுன்னு போட்டா இன்ஸ்பெக்டர் ஏன்னு கேப்பான். ஏன்னா பூட்டுன்னு வரும். பூட்டுன்னா நீங்க. அதுக்கு மேல தொரை கையெழுத்து. அஞ்சுன்னு போடுங்க. அஞ்சுன்னா ஆள் கைய எடுக்கலேன்னு முடிஞ்சுரும்."

"பத்தொன்பதுதான் ஆச்சு."

"ஒங்களுக்குப் பொண்ணுங்க எத்தன?"

"மூணு."

"அத எண்ணுங்க மொதல்ல."

தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஐந்து என்று ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். எழுதினால் எட்டாவது கேள்விக்குப் பதில் வராது: எலெக்ட்ரீசியன் எங்கே நின்றார்? இருபத்தாறு எட்டு ஓடி, மூன்று சாவி போட்டுத் திறக்க ஐந்து விநாடி போதாது. தூரத்தையும் குறைக்க வேண்டும், சாவியையும் குறைக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. மாடசாமி சுவர்ப்பக்கம் திரும்பியதும் அடிக்கடி நினைவுக்கு வந்தது. முதல் தாளையே திரும்பக் கொடுத்தேன். "பூட்டும் பெட்டியைத் தெரிவு செய்தவன் நான், இந்த வேலைக்கு அது பொருந்தாது" என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன்.

பெரிய துரை கூப்பிட்டார். தோட்டத்துத் தமிழில்தான் கேட்டார்.

"பத்தொம்பது யாரு பாத்தது?"

"நான் எண்ணினேன் தொரை."

"நீ ஓடினது. ஓடுற ஆள் எப்படி எண்ணுறது?"

"எனக்கு அது பழக்கம் தொரை."

"கெட்ட பழக்கம்" என்று சொல்லி அறிக்கையைத் தபால் தட்டில் போட்டார். அதை அனுப்பாமல் விடவில்லை. அவரைப் பற்றி அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

மாடசாமிக்குச் சேர வேண்டிய நட்டஈடு வந்தது. அதன்பின் கொழுந்து வாட்டும் மாடியில் அவனுக்கு வேலை போட்டார்கள். என்னோடு நன்றாகவே பேசுவான்; ஆனால் ஏதாவது எண்ணிக்கொண்டு நின்றால் மட்டும் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவான்.

5. இப்போது சொல்வது

வின்சுக்கு ஐசலேட்டர் தெரிவு செய்கிறவர்கள் ஆம்பியரைப் பார்க்க வேண்டும், டீ.சீ.தானா என்று பார்க்க வேண்டும், மழைத்தண்ணீர் போகாதா என்று பார்க்க வேண்டும். இவற்றை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் டிரைவர் சீட்டில் உட்காருங்கள். கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள். கயிற்றுப் பக்கம் நிற்கிற ஆளின் இடத்தில் நின்றும் நீட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே வீச்சில் நிறுத்த முடியாவிட்டால் அந்தச் சுவிட்ச் எவ்வளவு நல்லதானாலும் வேண்டாம். யார் தொடக்கூடாது என்பதையே நான் யோசித்தேன். யார் தொட்டாக வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும். திருட்டு மரம் இழுத்தால் தோட்டம் இழப்பது மரம் மட்டும்தான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் எனக்கு வர வேண்டிய சம்பள உயர்வு, மாதம் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம், நிறுத்தப்பட்டது. காரணம் எழுதப்படவில்லை. நானும் கேட்கவில்லை. 1963 டிசம்பர் வரை அது வரவில்லை, இருபத்தொன்பது மாதம். மொத்தம் முந்நூற்று அறுபத்திரண்டு ரூபா ஐம்பது சதம்.