வவுனிக்குளத்தில் புருஷன்மாரை எண்ணப் போனது

பிள்ளைகள், குடிசன மதிப்புக்கு அப்பா எங்கே போனீர்கள் என்று கேட்டபடியால் எழுதுகிறேன்.

எண்பத்தொன்றாம் ஆண்டு பங்குனி. வீடு வீடாகப் போய்ச் சனத்தை எண்ண ஆசிரியர்மார் போதாதென்று, கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதும் என்னையும் பிடித்துவிட்டார்கள். வவுனியாவில் காலை ரயில் ஏறி மாங்குளத்தில் இறங்கினேன். சந்திக் கடையில் ஐம்பது சதத்துக்கு ஒரு பிளேன்டீ. அங்கிருந்து வவுனிக்குளம் மேற்கே பத்துப் பன்னிரண்டு மைல். பஸ் இடையில் பழுதாகி, கடைசி மூன்று மைலும் நடை. தலையில் வெயில், காலில் செம்மண் புழுதி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் வயல் பிரித்துக் கொடுத்த குடியேற்றம் அது. ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, பிறகு விவாக நிலை கேட்கவேண்டும். முடித்தவரா, முடிக்காதவரா, துணையை இழந்தவரா, பிரிந்தவரா. இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் என் பையைக் கண்டதும், காணி கொடுக்கும் அரசாங்க அலுவலகமான காணிக் கந்தோரிலிருந்து ஆள் வந்திருப்பதாகக் கதை பரவிவிட்டது. காணிப் பத்திரம் புருஷன் பெயரில் இருக்கும். அவன் அங்கே இருந்து வயல் செய்யாவிட்டால் காணி வேறு ஆளுக்குப் போகலாம். அதனால் போன வீடெல்லாம் புருஷன்மார் "இப்பதான் வயலுக்குப் போனவர்."

மத்தியானம் பரமேஸ்வரி என்பவரின் வீடு. கதிரை போட்டு மோர் தந்தா. கொடியில் ஆண்பிள்ளைச் சேட்டு ஒன்று காய்ந்தது.

"கலியாணம் முடிச்சதோ, தங்கச்சி?"

"ஓம். அவர் வயலிலை நிக்கிறார்."

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தூணுக்கு மறைவில் இருந்த என்னைக் காணவில்லை.

"பிள்ளை, என்ரை சேட்டைத் தா. மாங்குளம் போகவேணும். உன்ரை கொடிப் புருஷன் வெறும் மேலோடை நிக்கட்டும்."

பரமேஸ்வரி சேட்டை உருவி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டா.

"ரண்டு வருஷமாச்சு, அண்ணை. அவர் பளையிலை வேறையொருத்தியோடை இருக்கிறார். நான்தான் விதைச்சு வெட்டுறன். பிரிஞ்சது எண்டு எழுதினால் காணி போயிடும்."

"இது காணிக் கந்தோருக்குப் போறேல்லை, தங்கச்சி. சனத்தை எண்ண மட்டுந்தான்."

"உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

எங்களுக்கு இந்த வேலையைப் படிப்பித்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். கொழும்புக்குப் போகும் தாளை அங்கே ஆர் பார்ப்பார்கள் என்று நான் கண்டேனா?

"சொன்னவை. நான் கண்டதில்லை."

"அப்ப முடிச்சது எண்டே எழுதுங்கோ. தாலி கழட்டேல்லை."

ஆட்கள் சொல்வதைத்தான் எழுதவேண்டும், சாட்சி கேட்கக்கூடாது. 'முடித்தவர்' என்று எழுதினேன். "ஆனால் இல்லாத ஆளை இந்த வீட்டிலை இருக்கிறார் எண்டு எழுதேலாது," என்றேன்.

"எழுதவேண்டாம். அவருக்கு இங்கை உலையிலை அரிசி இல்லை."

"அப்ப வீட்டுத் தலைவர் ஆர்?"

எழும்பிச் சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினா.

"என்ரை பேரைப் போடுங்கோ."

நான் வீடு வந்து சேர்ந்தபோது நீங்கள் நித்திரை. எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்து கலியாணம் முடித்ததோ என்ற அதே கேள்வியைக் கேட்டாராம். அடுப்பை ஊதியபடியே அம்மா ஓம் என்றாவாம். அவ்வளவுதான்.

பரமேஸ்வரியின் காணி என்னவாயிற்றென்று இன்றும் தெரியாது. காணிக் கந்தோரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கேட்க மனம் உன்னும். கேட்டால் நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நடந்துவிடுவேன்.