ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிறகு ஜெயிலுக்குப் போனவர்

வரலாற்றுச் சங்கத்துச் செயலாளர் என்றால் நாள் முழுக்கக் கல்வெட்டு படிக்கிற வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு நாள் எங்கள் கமிட்டியில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மைசூரில் எங்கள் மொஹல்லாவின், அதாவது எங்கள் பேட்டையின், வரலாற்றுச் சங்கத்துக்கு ஆறு வருஷம் நான் செயலாளர். தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "பேரு மட்டும் இருக்கட்டும் மேடம், வேலை ஒண்ணும் இருக்காது" என்று சொல்லி இழுத்துவிட்டார்கள். இதே வார்த்தையை நம்பி ஏதாவது ஒரு சங்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டை நாங்கள் கொண்டாடிய விதம் இது. கூட்டமெல்லாம் கன்னடத்தில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். கோபம் மட்டும் எந்த மொழியிலும் இன்னும் ஆறவில்லை.

அழைப்பிதழ்

முதல் கூட்டத்துக்கு நான் எழுதிக்கொண்டு போனது ஒரே ஒரு விஷயம்: நம் பகுதியிலிருந்து சிறைக்குப் போனவர்களின் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஆனால் கூட்டம் அழைப்பிதழில் ஆரம்பித்தது. சிறப்பு விருந்தினர் படம் மேலே வருமா, பக்கத்தில் வருமா. தலைவர் பெயருக்குப் பின்னால் பட்டம் போடலாமா. வரவேற்புரைக்காரர் படம் நன்றியுரைக்காரர் படத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று நாலு மணிக்கு ஆரம்பித்த பேச்சு ஆறரைக்கு முடிந்தது. "பட்டியல்" என்று நான் வாயைத் திறந்தபோது பாதிப் பேர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைவர், ஓய்வு பெற்ற பொறியாளர், போகிற போக்கில் சொன்னார்: "அதை நீங்களே பாத்துக்குங்க மேடம். செத்துப் போனவங்க யாரும் போட்டோ சின்னதா இருக்குன்னு கோவிச்சுக்க மாட்டாங்க."

லத்தி

குடும்பத்தில் யாராவது போராட்டத்தில் இருந்திருந்தால் படம் கொண்டு வாருங்கள் என்று நூலகத்திலும் பேக்கரியிலும் ரேஷன் கடையிலும் நோட்டீஸ் ஒட்டினேன். முதலில் வந்தவர் ஒரு பெரிய மனிதர். காரில் வந்தார். சட்டம் போட்ட படத்தை மேஜையில் வைத்தார். பார்த்தால் போலீஸ் தொப்பி, பெல்ட், முறுக்கு மீசை. "தாத்தா வேலையை ராஜிநாமா செய்துவிட்டுப் போராட்டத்தில் சேர்ந்தாரா?" என்று கேட்டேன். இல்லையாம், பென்ஷன் வரைக்கும் வேலையில்தான் இருந்தாராம். அப்புறம் எப்படி என்று நான் முழித்ததைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க தாத்தாவும் எல்லாப் போராட்டத்துலயும் இருந்தவர்தான் மேடம். லத்தியோட இருந்தார், அவ்வளவுதான்."

வேற கேஸ்

மூன்றாம் நாள் ருக்மணியம்மா வந்தார். ஊதுவத்திக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஏறக்குறைய என் வயதுதான். கையில் இருந்த பாலிதீன் உறையைப் பிரித்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு காகிதத்தையும் சின்னப் படம் ஒன்றையும் எடுத்து வைத்தார். அது அவருடைய அப்பா முனுசாமியின் ஜெயில் விடுதலைச் சீட்டு. சேலத்துப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு இங்கே வந்தவர், உள்ளே போகும்போது வயது பத்தொன்பது. "அப்பா வீட்டுல இதைப் பத்திப் பேசினதே இல்லக்கா. வலது முட்டி மட்டும் கடைசி வரைக்கும் மடங்கல. ஏன்னு கேட்டா செப்டம்பர்னு சொல்லுவாரு" என்றார்.

எனக்குப் புரிந்தது. நாற்பத்தேழு ஆகஸ்டில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தாலும் மைசூரில் அதிகாரம் மகாராஜா அரசாங்கத்திடம்தான் இருந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுக்கிற ஆட்சி வேண்டும் என்று செப்டம்பரில் இங்கே தெருவில் இறங்கினார்கள், அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். இதையெல்லாம் தலைவரிடம் விளக்கிச் சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்து எழுபது வயதானவர், வரலாற்றுச் சங்கத்துக்குத் தலைவர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த ருக்மணியம்மாவுக்கு அவரைவிட நன்றாகவே கன்னடம் தெரியும். அவர் காதுபடவே தலைவர் கேட்டார்: "ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அப்புறம் ஜெயிலுக்குப் போனவர் எப்படி மேடம் தியாகி? வேற ஏதாவது கேஸா இருக்கும்."

நாற்காலி

முனுசாமி படம் இல்லையென்றால் நானும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். விழா நாள் காலையில் பள்ளிக்கூட ஹாலில் வாசலுக்குப் பக்கமாக, அவர் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்ட போர்டை என் கையாலேயே மாட்டினேன். மாலை வாங்கி வருவதற்குள் அந்த இடத்தில் வீட்டுமனை விற்கிற ஒரு கம்பெனியின் பேனர் தொங்கியது. முனுசாமி காபி மேஜைக்குப் பின்னால் சுவரோரம் சாய்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேராகக் காகிதக் கப்புகளை அடுக்கியிருந்தார்கள்.

ருக்மணியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் படம் வரைக்கும் போய்விட்டு, தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். தலைவரிடம் ஓடினேன். "விருந்தாளி போனதும் மாட்டிடலாம்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் தொலைபேசியில் யார் திட்டினாலும் பதிலுக்குக் குரல் உயர்த்தாதவள் நான். அன்றைக்கு ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது ஞாபகமில்லை. மரியாதையான வார்த்தைகளாக இருந்திருக்காது.

அதற்குள் ருக்மணியம்மா போர்டைக் கண்டுபிடித்துவிட்டார். கப்புகளை ஒதுக்கினார், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், மகனைத் தூக்கச் சொன்னார். நேராக முன்வரிசைக்குப் போய், சிறப்பு விருந்தினர் பெயர் ஒட்டியிருந்த நாற்காலியில் அப்பாவை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் ஓடி வந்து குனிந்து, அது விஐபி சீட் என்று காதில் சொன்னார். ருக்மணியம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "தெரியும் சார். அதனாலதான் அப்பாவை உட்கார வெச்சேன்."

மினிட்ஸ்

விருந்தினர் வந்தார், வேறு நாற்காலியில் உட்கார்ந்தார், பேசினார், போனார். வானம் இடிந்து விழவில்லை. ருக்மணியம்மா போர்டை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தச் சங்கத்தில் இருப்பதைவிட அங்கே பத்திரமாக இருக்கும் என்று நானும் தடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் 'விழாவில் நேர்ந்த அசௌகரியத்துக்கு வருத்தம்' என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். மினிட்ஸ் எழுதுவது செயலாளர் வேலை. பேனர், காபி மேஜை, கப்பு, "வேற கேஸ்" என்ற வார்த்தை, நான் கத்தியது உட்பட எல்லாவற்றையும் எழுதி உரக்க வாசித்தேன். பிறகு தலைவர் சொன்னார்: "நடந்ததை அப்படியே எழுதினா சங்கத்துக்குக் கெட்ட பேரு வரும் மேடம்."

ஆக, நடந்ததை எழுதி வைப்பதற்கென்றே ஆரம்பித்த ஒரு சங்கத்தில், நடந்ததை எழுதிய குற்றத்துக்கு விளக்கக் கடிதம் கேட்கப்பட்ட முதல் செயலாளர் என்ற பெருமையோடு நான் வெளியே வந்தேன்.