மிலான்காரனாகப் போன ஒத்தாவியோ

ஒத்தாவியோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெந்நீர்க் கொதிகலன் பழுது பார்ப்பது தொழில். கழற்றிய திருகுகளை, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவான். ரோம் நகரின் தெஸ்தாச்சோ பேட்டையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே தலை நரைத்தவன். ஊர் முழுக்கத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் என்ற நினைப்பு அவனுக்கு. கொலோசியத்துக்குள் மட்டும் இதுவரை கால் வைத்ததில்லை. சொந்த வீட்டைப் பார்க்க எவனாவது டிக்கெட் வாங்குவானா என்பான்.

தங்கை நீவெஸ் சுற்றுலா வழிகாட்டித் தேர்வில் தேறியபோது, ரொட்டிக்கடை முதல் முடிவெட்டும் கடை வரை தகவல் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே வாழ்த்துச் சொன்னான். தேறினால் போதுமா, வேலை கிடைக்க வேண்டாமா? ஒரு நிறுவனம் ஞாயிற்றுக்கிழமை நடை ஒன்றை அவளுக்கு வெள்ளோட்டமாகக் கொடுத்தது. வெளியூர்க்காரர்களுக்கு தெஸ்தாச்சோவைச் சுற்றிக் காட்ட வேண்டும். நிறுவனத்தின் தபனெல்லி அம்மாள் கூடவே நடப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். தெரிந்தவர்களைக் கூட்டத்தில் நுழைத்துக் கைதட்ட வைத்தால் அன்றோடு சரி. போன மாதம் ஒருத்தி அத்தைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீ மட்டும் வந்துராதே. உன் வாய் சும்மா இருக்காது," என்றாள் நீவெஸ்.

"நான் எதுக்கு வரேன்? எனக்குத் தெரியாத தெஸ்தாச்சோவா?"

வந்தான். அதுவும் வடக்கே இருக்கும் மிலான் நகரத்துக்காரனாக வந்தான். மிலான்காரன் எப்படி இருப்பான் என்பதில் ரோம்காரன் எவனுக்கும் சந்தேகமே கிடையாது. வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் டை கட்டியிருப்பான், சும்மா சும்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். ஒத்தாவியோ தன் கல்யாண டையைக் கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். கூட்டத்தை எண்ணிக்கொண்டு வந்த நீவெஸ் அவனிடம் வந்ததும் ஒரு கணம் நின்றாள். கண்டுபிடித்துவிட்டாளோ? இருக்காது. இந்த வேடத்தில் பெற்ற தாயே ஏமாந்துபோவாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பேட்டையின் ஓரத்தில் பழைய ரோமானியர் கட்டிய பிரமிடு அருகே நீவெஸ் பேசி முடித்ததும், மிலானில் இப்படி ஒரு வழிகாட்டி கிடைக்கவே மாட்டார் என்று பக்கத்திலிருந்தவரிடம் உரக்கச் சொன்னான். ஒரு காலத்தில் மாடு வெட்டிய பழைய கசாப்புக் கூடத்தின் வாசலிலும் அதையே சொன்னான். தபனெல்லி அம்மாள் திரும்பிப் பார்த்தார். தங்கைக்கு மதிப்பெண் ஏறுகிறது என்று அவன் பூரித்துப்போனான்.

அடுத்தது ஓட்டுச்சில்லுக் குன்று. ஸ்பெயினிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் எண்ணெய் வந்த ஜாடிகளைக் காலியானதும் உடைத்து அடுக்கியே இந்தக் குன்று எழுந்தது என்றாள் நீவெஸ். ஒத்தாவியோவுக்கு நாக்கு துறுதுறுத்தது. நீரோ மன்னன் ஆத்திரத்தில் உடைத்த சட்டிகள் என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சொல்லிக்கொடுத்தவன் அவன். சொல்ல வந்ததை விழுங்கியதில் தொண்டை வறண்டது. தெருக்குழாய்க்குப் போனான். குழாயின் வாயை ஒரு விரலால் அடைத்தான். மேலே இருந்த சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சியடித்தது. டையில் ஒரு சொட்டுப் படாமல் குடித்தான்.

நிமிர்ந்தால், எதிரே தபனெல்லி அம்மாள்.

"இப்படிக் குடிக்கணும்னா இந்த ஊர்ல பொறந்திருக்கணும். நீங்க மிலான்னு சொன்னீங்களே?"

சம்சாரம் ரோம் என்று ஏதோ உளறினான். அதற்குள் நீவெஸ் வந்துவிட்டாள்.

"என் அண்ணன், மேடம். வராதேன்னு சொல்லியும் வந்திருக்கார். வேலை போனாலும் போகட்டும், இவரை மிலான்காரர்னு என் வாயால சொல்ல முடியாது."

"கைதட்டக் கூட்டிட்டு வந்தீங்களா?"

ஒத்தாவியோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். தான் கைதட்ட வந்தவனில்லை என்று எப்படி நிரூபிப்பது? தோன்றியது ஒரே வழிதான்.

"கைதட்டவா? இவ சொன்னது பூரா தப்பு. அது நீரோ உடைச்ச சட்டிங்க. இந்தப் பேட்டையில யாரை வேணா கேளுங்க."

"அண்ணே," என்றாள் நீவெஸ், குரலை உயர்த்தாமல். "அந்த ஜாடிங்க மேல வியாபாரி பேரு, வருஷம் எல்லாம் மையில எழுதியிருக்கு. நீரோ செத்து நூறு வருஷம் கழிச்சு வந்த ஜாடியெல்லாம் அதுல கெடக்கு. செத்தவன் எந்திரிச்சு வந்தா உடைச்சான்?"

கூட்டம் சிரித்தது. ஒத்தாவியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பேட்டையில் அப்படி ஒரு அதிசயத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

தபனெல்லி அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவரை நீங்க கூட்டிட்டு வரலைன்னு நம்புறேன்மா. ஆள் செட் பண்றவங்க இப்படி ஒருத்தரையா பிடிப்பாங்க?" கொஞ்சம் யோசித்து மேலும் சொன்னார். "சரித்திரம் எல்லாரும் சொல்றாங்க. மூலைக்கு மூலை இந்த மாதிரி ஒருத்தர் உள்ள புகுந்து பேசும்போதுதான் நம்ம ஆளுங்க திணறிப்போறாங்க. நீங்க சமாளிச்சிட்டீங்க. அடுத்த வாரமும் நீங்களே நடத்துங்க."

நடை தொடர்ந்தது. ஒத்தாவியோ எல்லோருக்கும் பின்னால், தங்கைக்குக் கேட்காத தூரத்தில் மூக்கை உறிஞ்சியபடி நடந்தான். சந்தை முனையில் நீவெஸ் பேச ஆரம்பித்ததும் மீன்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, அது அப்படியில்லை என்று நெருங்கி வந்தார். ஒத்தாவியோ அவரைத் தோளோடு பிடித்து நிறுத்தினான்.

"கம்முனு இருய்யா. தங்கச்சி பேசிட்டிருக்கா. உனக்கும் எனக்கும் என்ன தெரியும்?"