வளையத்தில் வைத்த பொட்டு

எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. கடையில் சாமான் வாங்கக்கூட விரலால்தான் காட்டுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தேன் என்றால், அங்கே என் மேசை சுவரைப் பார்த்துக் கிடந்ததுதான் காரணம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் இருந்தது அந்தப் பட்டறை. பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி செய்வார்கள். எண்பதுகளில் கரண்டு எப்போது போகும் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கல்யாண மண்டபக்காரர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லாம் தேடி வருவார்கள். ஆள் என்று பார்த்தால் முதலாளி, பிட்டர், நான், அவ்வளவுதான். முதலாளி வீடு மாடியில். அவரை அண்ணே என்பேன், அவர் சம்சாரத்தை அக்கா என்பேன். பிட்டர் என்னை ஊமச்சி என்பார். அதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.

பெட்டிக்குள்ளே தடித்தடியாக டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும். அதுதான் சுவிட்சு. கையால் போடுகிறது இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் எத்தனையோ தடவை தானாக ஆனாகி ஆப்பாகும். மேலே இருக்கிறது ஆனாகிறபோது கீழே இருக்கிறது ஆப்பில் இருக்கணும். ரெண்டும் சேர்ந்து ஆனாகிவிட்டால் பேட்டரி நேராக ஷார்ட்டாகி எல்லாம் போச்சு. எப்போது ஆனாகணும், எப்போது ஆப்பாகணும் என்று ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு கரண்டு போய்ச் சொல்லும்.

அது போகிற வழியில்தான் என் வேலை. மோதிரம் மாதிரி ஒரு கறுப்பு வளையம். அதில் மெல்லிய செப்புக்கம்பியை ரெண்டு அடுக்காகச் சுற்றுவேன். கீழ் அடுக்குக்குச் சொன்னது மேல் அடுக்கில் போய்ச் சேரும். மேல் அடுக்கில் தொடக்க முனை எது, முடிவு முனை எது என்று தெரிந்து இணைக்கணும். மாற்றி இணைத்தால் ஆப் என்று சொல்கிறபோது சுவிட்சு ஆனாகிவிடும். சுற்றி முடித்த பிறகு பார்த்தால் ரெண்டு முனையும் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் தொடக்க முனையைக் கொஞ்சம் நீளமாக விட்டு வைப்பேன். வார்னிஷில் முக்கி, அது காய்ந்ததும் அந்த முனைப் பக்கம் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, நீட்டி நிற்பதை வெட்டிவிடுவேன். பிட்டருக்கு நீளமெல்லாம் தெரியாது, பொட்டுதான் கணக்கு. "ஊமச்சி பேசமாட்டா, அவ வச்ச பொட்டு பேசும்" என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு தட்டு வளையம் சுற்றி வார்னிஷில் முக்கி வைத்தேன். மறுநாளும் பிசுபிசுப்பு போகவில்லை. பூஜைக்கு வைத்த சாமானைத் தொடக்கூடாது என்பதால், விஜயதசமிக்கு வந்து பொட்டு வைக்கலாம் என்று பூஜை தொடங்கும் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டேன்.

விஜயதசமி அன்றைக்கு பஸ் கிடைக்காமல் லேட்டாகத்தான் போய்ச் சேர்ந்தேன். சந்துக்குள் நுழையும்போதே கருகின வாடை. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகவேண்டிய பெட்டி திறந்து கிடந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் பெட்டியை ஓட்டிப் பார்க்கணும் என்று பிட்டர் விடியற்காலையிலேயே தட்டிலிருந்து வளையங்களை எடுத்து மாட்டியிருக்கிறார். எப்போதும் முதலில் ஒரு பல்பை நடுவில் மாட்டித்தான் கரண்டு கொடுப்பார்; தப்பு இருந்தால் பல்பு எரியும், பெட்டி தப்பிக்கும். அன்றைக்கு அதையும் விட்டுவிட்டார்.

"பொட்டுப் பாத்துத்தானே மாட்டுன?" என்று முதலாளி கேட்டார்.

"பாத்துத்தாண்ணே மாட்டுனேன். ஊமச்சி சுத்துனதுதான் தலைகீழு."

முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "நீ ஒண்ணும் நெனச்சுக்காத. இந்தக் கம்பி சுத்துற வேலைய இனி வெளிய குடுத்துக்கிறேன்" என்றார்.

வேற எங்கே போய் எனக்குச் சுவரைப் பார்த்து ஒரு மேசை கிடைக்கும்?

தட்டில் மிச்சம் இருந்த வளையங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்பாகப் பொட்டு இருந்தது. நான் வைக்கவே இல்லையே! ஒன்றை எடுத்துத் தடவினேன், சொரசொரவென்று இருந்தது. ஈர வார்னிஷில் ஒட்டிக் காய்ந்த குங்குமம். சிலதில் நீள முனைப் பக்கம் இருந்தது, சிலதில் எதிர்ப்பக்கம்.

நிமிர்ந்தால் படியில் அக்கா நிற்கிறார், கையில் காப்பி டம்ளரோடு. அந்த வீட்டில் பூஜைக்குப் பொட்டு வைப்பது அவர் ஒருத்தர்தான். அவரை வைத்துக்கொண்டு நான் என்னவென்று சொல்வது? சொல்லாவிட்டால் வேலை போய்விடும். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்தேன். ஒரு வளையத்தை எடுத்து நீள முனையில் ஒரு விரலும் எதிர்ப்பக்கம் இருந்த பொட்டில் ஒரு விரலும் வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

"அண்ணே, நான் இன்னும் பொட்டே வைக்கல" என்றேன்.

பிட்டர் என் வாயையே பார்த்தார். முதலாளி ஒரு வளையத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, மெதுவாகத் திரும்பிப் படியைப் பார்த்தார்.

"என்னைய எதுக்குப் பாக்குறீக?" என்றார் அக்கா. "கட்டிங் பிளேயருக்கு வச்சேன், ஸ்குரூ டிரைவருக்கு வச்சேன். இம்புட்டுச் சாமானுக்கும் வச்சுட்டு இதுகளுக்கு மட்டும் வைக்காம விட்டா சாமி குத்தமாகாதா?"

"நீ வச்ச பொட்டுல டிரான்சிஸ்டர் அம்புட்டும் போச்சுடி."

"பொட்டு வச்சா புகையுற சாமானு! இத எவன் நம்பி வாங்கப் போறான்?"

பிட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். முதலாளியும் சிரிக்கவா திட்டவா என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். அக்கா கீழே இறங்கி வந்து கையிலிருந்த காப்பியை என் மேசையில் வைத்தார். "எனக்கு எப்பிடிடி தெரியும்? ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கலாம்ல" என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே கொடுக்கிற பேச்சை முதலாளி அதற்கப்புறம் எடுக்கவில்லை. இருந்துக்கோ என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் புதுச் செப்புக்கம்பி உருளை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூடவே மெல்லிசாகப் பச்சைக் குழாய் கொஞ்சம், கம்பி முனையில் மாட்டுகிறது. "சுத்தத் தொடங்குறப்பவே இத மாட்டிரு. இனி பொட்டெல்லாம் வேணாம்" என்றார்.

உருளையை மேசையில் இருந்த இரும்புக் கம்பியில் கோத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.