பேட்டரி இல்லாத வண்டி

நீங்கள் நம்பப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். இதையே வேறொருவர் என்னிடம் சொல்லியிருந்தால் நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் கார் ஓட்டியவன் நான். பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று எதையும் நம்பியது கிடையாது, நம்பியதெல்லாம் கரண்ட் ஒன்றைத்தான். கரண்ட் வந்தால் விளக்கு எரியும், வராவிட்டால் எந்த முனியப்பன் வந்து நின்றாலும் எரியாது என்று வாய்க்கொழுப்பாகப் பேசிக்கொண்டு திரிவேன். ஒரு சாயங்காலத்துக்கு அப்புறம் அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஜெர்மன்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. இண்டூரில் ஒரு பண்ணை வீட்டில் டிரைவராக இருந்தேன். எஜமான் சேலத்தில் ஒரு துரையிடம் பழசாக வாங்கிய கறுப்புக் கார். கார் கொட்டகைக்குப் பக்கத்திலேயே எனக்கும் என் பெண்சாதி சாலம்மாவுக்கும் ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்.

அந்த வண்டியைக் கிளப்புகிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் நான் எதற்குப் பயந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது. இப்போது உங்கள் காரில் சாவியைத் திருப்பினால் போதும், கிளம்பிவிடுகிறது. அதில் அப்படியில்லை. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். அப்புறம் சோக் குமிழை இழுக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் செல்ஃப் குமிழ், அதை ஒரு இழு இழுத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், சிவப்பு விளக்கு அணையும், பிறகு சோக்கை உள்ளே தள்ள வேண்டும். மற்றவர்கள் ஒரேயடியாகத் தள்ளுவார்கள். நான் பாதி தள்ளி, மனதுக்குள் பத்து எண்ணி, மீதியைத் தள்ளுவேன், யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, என் கைப்பழக்கம். இவ்வளவுக்கும் கரண்ட் கொடுப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி. பழைய மேக்னெட்டோ வண்டியென்றால் பேட்டரி இல்லாமலே கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பிவிடலாம், இது அந்த ரகமில்லை. பேட்டரியை எடுத்துவிட்டால் இது வெறும் தகரம்தான்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு எஜமான் குடும்பம் ஒகேனக்கல் போவதாக இருந்தது. நாலு பேர் பார்க்க நடுரோட்டில் வண்டி நின்று என் மானம் போகக் கூடாதே என்று, நாலு நாள் முன்னாலேயே பேட்டரியைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றி, சார்ஜ் போடத் தர்மபுரிக்கு அனுப்பிவிட்டேன். போய் வர மூன்று நாளாகும், அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்வோம். சாலம்மா முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம், ஆனால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று மருத்துவச்சி நஞ்சம்மா சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த பேட்டரியில் இன்னும் பத்து நாளைக்குத் தெம்பு இருந்தது. வெறும் பவுசுக்காக அனுப்பினேன்.

மறுநாள் விடியும்போதே சாலம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. காலை போய், மத்தியானம் போய், சாயங்காலம் நாலு மணிக்கு நஞ்சம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஆடிக் காற்று ஓட்டைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, அவள் சொன்னது முதலில் என் காதில் விழவே இல்லை.

“தம்பி, புள்ள குறுக்க கெடக்குது. கை மட்டும் வெளிய வந்துடுச்சு. இதுக்கு மேல என்னால ஆவாது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போ, இல்லாட்டி ஆத்தாளும் தங்க மாட்டா.”

எஜமான் வாசலில்தான் நின்றிருந்தார். “கூண்டு வண்டி கட்டச் சொல்லிட்டேன் மாதையா. மாடு காட்டுல மேயுது, ஓட்டியாரப் போயிருக்காங்க” என்றார். மாடு வந்து, வண்டி கட்டி, பத்து மைல் போய்ச் சேர மூன்று மணி நேரமாவது ஆகும். கார் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, அதன் உயிரை நானே கழற்றி அனுப்பிவிட்டு நிற்கிறேன். அழக்கூடத் தோன்றவில்லை. கூண்டு வண்டியில் அவளைப் படுக்க வைக்கக் காரின் பின் சீட்டு மெத்தையையாவது எடுத்து வருவோம் என்று கொட்டகைக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தேன், உள்ளே கருக்கல். காருக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெயில் ஏதாவது சந்து வழியாக விழுகிறதோ என்று முதலில் நினைத்தேன். ஏறி உட்கார்ந்து விளக்கைக் கையால் மறைத்தேன், விரல் சந்தில் சிவப்பு வழிந்தது. சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது, தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. டேஷ்போர்டில் சாவித் துவாரம் காலி. இறங்கி சீட்டைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தேன். பேட்டரி இல்லை. நான் துணி சுற்றி வைத்த இரண்டு ஒயர் முனையும் சுற்றியபடியே கிடந்தன. சீட்டைத் திரும்பப் போட்டேன்.

அப்போது சோக் குமிழ் வெளியே வந்தது. நான் தொடவில்லை, என் குழந்தைகள் மேல் சத்தியம். பிறகு செல்ஃப் குமிழ். அதை இழுக்கப் பலம் போதாதவர்கள் இழுப்பார்களே, கொஞ்சம் வந்து, நின்று, மறுபடி கொஞ்சம் வந்து, அப்படி வந்தது. இன்ஜின் இரண்டு முறை உறுமிவிட்டுப் பிடித்துக்கொண்டது, சிவப்பு விளக்கு முறைப்படி அணைந்தது. நான் கதவோரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். சோக் உள்ளே போயிற்று. பாதிதான் போயிற்று. நான் என்னையறியாமல் எண்ணினேன், பத்து எண்ணி முடித்ததும் மீதி உள்ளே போயிற்று. அதைப் பார்த்தபோது வந்த பயம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சத்தம் கேட்டு எஜமான் ஓடி வந்தார். “பேட்டரி வந்துடுச்சா மாதையா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் யாரும் அவளை இந்த வண்டியில் ஏற்ற மாட்டார்கள், நானே ஏற்ற மாட்டேன். உள்ளே சாலம்மாவின் முனகல் கேட்டது.

“வந்துடுச்சுங்க” என்றேன்.

அவளைத் தூக்கி வந்து பின் சீட்டில் படுக்க வைத்தார்கள், நஞ்சம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அந்தக் காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கியர் போட்டேன். வண்டி நகர்ந்தது. எனக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது அந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதைச் சொல்லவும் முடியாது, பின்னால் திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. கரண்ட் ஓடுவதைக் காட்டும் ஆம்பியர் முள் செத்துக் கிடந்தது. புழுதி அடித்து ரோடு மங்கியபோது முன் விளக்கு தானாக எரிந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஹாரன் அடித்தது, என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“ஏம்ப்பா சும்மா சும்மா அடிக்கற? அவளுக்குத் தூக்கிப் போடுது” என்றாள் நஞ்சம்மா.

“மாடு குறுக்க வருது ஆத்தா” என்றேன். ரோட்டில் ஒரு ஈ, காக்கா இல்லை.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்பவே மாட்டீர்கள். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அதனால் இறக்கம் வந்தால் சாவியை மூடி இன்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியைச் சும்மா உருளவிடுவோம். தர்மபுரிக்கு முன்னால் ஒரு நீள இறக்கம் உண்டு. அந்த இறக்கத்தில் என் புத்தி எங்கேயோ இருந்தது, இடது கை பழக்கத்தில் சாவித் துவாரத்துக்குப் போய்விட்டது. அங்கே இன்னொரு கை இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் விரலில் பட்டது. ஈரமாக, சில்லென்று, ரொம்பச் சின்னதாக இருந்தது. அது என் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. பிடித்து, துவாரத்திலிருந்து தள்ளிவிட்டது.

நான் கத்தினேனா இல்லையா தெரியாது. கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினேன். “மாதையா, சீக்கிரம் போப்பா, இவ கண்ணு சொருகுது” என்று பின்னாலிருந்து நஞ்சம்மா அழுதாள். ஆக்சிலேட்டரை அழுத்தினேன், அதற்குள் வண்டி தானாகவே வேகம் எடுத்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். நான் வண்டிக்கு வெளியே நின்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த நான் கை நீட்டவில்லை. அவளை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். கதவு சாத்திய சத்தத்தோடு இன்ஜின் நின்றது.

இருட்டிய பிறகு டாக்டரம்மா வெளியே வந்து என் பேரைக் கேட்டார். “உங்க சம்சாரம் பொழச்சுட்டாங்க. இன்னும் அரை மணி நேரம் கழிச்சு வந்திருந்தா கஷ்டம். குழந்தைய ஒண்ணும் பண்ண முடியலப்பா, அது மத்தியானமே எறந்துடுச்சு” என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானமே என்று மறுபடி கேட்டேன். ஆமாம், நாலஞ்சு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்.

துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை. காலையில் வெளிச்சம் வந்ததும் நானே கொண்டுபோய்க் குழி வெட்டினேன். வைப்பதற்கு முன் ஒருதரம் முகத்தைப் பார்க்கலாம் என்று துணியை விலக்கினேன். வலது கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது, விரல்கள் மூடியிருந்தன. மெல்லப் பிரித்தேன். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. மோந்து பார்த்தேன், கிரீஸ் வாடை. செல்ஃப் குமிழின் தண்டுக்கு நான் போடுகிற கிரீஸ். என் கையிலிருந்து ஒட்டியிருக்கும் என்பீர்கள். நான் அந்தக் குமிழைத் தொடவே இல்லையே ஐயா, அதுவும் மூடியிருந்த கைக்குள் எப்படி ஒட்டும்? துணியைப் போர்த்தி மண்ணைத் தள்ளிவிட்டு, “என்னப் பெத்த அப்பா” என்று வாய்விட்டு அழுதேன்.

அப்புறம் சார்ஜ் கடைக்குப் போய் பேட்டரியை வாங்கி வந்து மாட்டினேன். பேட்டரி இல்லாமல் வண்டி எப்படித் தர்மபுரிக்கு வந்தது என்று கடைக்காரர் கேட்டார். மாடு கட்டி இழுத்து வந்தோம் என்றேன். சாவியைத் திருப்பினேன், சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி ஒழுங்காகக் கிளம்பியது. அதற்கப்புறம் ஏழு வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன், ஒரு குறையும் சொல்ல முடியாது.

சாலம்மாவுக்கு இரண்டு நாள் நினைவில்லை, குழந்தையை அவள் பார்க்கவே இல்லை. ஆண் பிள்ளை, பிழைக்கவில்லை என்பதைத் தவிர அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. பேட்டரியைப் பற்றிச் சொல்லவில்லை, கையைப் பற்றியும் சொல்லவில்லை. பிறகு எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்தியும் எடுத்தோம். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

போன தை மாதம் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஒரு மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “ஏங்க, அன்னிக்கு அவன் கையக் கழுவிட்டுத்தான பொதைச்சீங்க?” என்று கேட்டாள்.

கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். “கழுவிட்டேன் சாலா” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லீங்க, இன்னும் கறுப்பாத்தான் இருக்குது” என்றாள்.

மறுநாள் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கட்டில் இன்னும் என் வீட்டில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. நான் அதில்தான் படுக்கிறேன், காலை நீட்டி மட்டும் படுப்பதில்லை.